சமுதாயக் கல்லூரியில் பிள்ளைகள் உண்மையில் என்ன கற்றார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இது: "தண்டையார்பேட்டை பக்கம் ஒரு சிறிய சமுதாயக் கல்லூரியில் ஹெல்த் அசிஸ்டன்ட் டிப்ளமோவுக்குப் பாடம் எடுக்கிறேன். சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்குள் கற்றல் விளைவு மதிப்பீட்டு ஃபைல் தயாராக வேண்டும் என்கிறார்கள். இன்டர்னல் மார்க், பிராக்டிகல் மார்க், அட்டெண்டன்ஸ், பிள்ளைகள் எழுதிக்கொடுத்த ஃபீட்பேக் எல்லாம் எங்களிடம் இருக்கிறது. ரிசல்ட்டும் நன்றாகத்தான் வருகிறது. இது போதாதா? தனியாக என்ன செய்ய வேண்டும்?"

போதாது. நீங்கள் சொன்ன காகிதங்கள் எல்லாமே தேவைதான். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை கைவந்தது, எது இன்னும் வரவில்லை என்று அவற்றில் ஒன்றுகூடச் சொல்லாது. நான் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு இந்தப் பாடத்துக்கு வந்தவள். வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலுமாக 17 வருடம் இதே டிப்ளமோவுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். முதல் சில வருடம் நானும் மார்க்கை நம்பித்தான் இருந்தேன். அந்த நம்பிக்கை எப்படிப் போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு முறைக்கு வருவோம். பதில் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிராக்டிகல் தேர்வில் பி.பி. பார்ப்பது ஒரு கேள்வி. பிள்ளை எதிரே இருப்பவர் கையில் கஃப் என்ற காற்றுப் பட்டையைச் சுற்றும், அதற்குக் காற்றடிக்கும் ரப்பர் பல்பை அழுத்தும், ஸ்டெத்தைக் காதில் மாட்டிக்கொண்டு டயலைப் பார்க்கும், காற்று இறங்கி முடிந்ததும் ஒரு எண் சொல்லும். காற்று இறங்கும்போது நாடிச் சத்தம் கேட்கத் தொடங்கும் அளவு மேல் எண், சத்தம் நிற்கும் அளவு கீழ் எண். கஃப் சரியான இடத்தில் இருக்கிறதா, கையை இதயத்தின் மட்டத்துக்கு வைத்ததா என்று பார்த்து மார்க் போடுவோம். பெரும்பாலும் பத்துக்கு ஒன்பது. ஒரு வருடம் ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். ஒரே நாளில் மொத்தக் கட்டையும் முடிக்க வேண்டியிருந்ததால் எல்லா நோட்டிலும் அதே பக்கத்தை வரிசையாகப் பார்க்கிறேன். 120/80. 110/70. 130/80. 120/80. கடைசி நோட்டு வரை 118 என்று ஒரு எண் இல்லை. 134 இல்லை, 76 இல்லை.

டயலில் 2 மி.மீ.க்கு ஒரு கோடு இருக்கும். காதால் கேட்டு, கண்ணால் பார்த்து நேர்மையாக எழுதினால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 எல்லாம் கிட்டத்தட்ட சரிசமமாக வர வேண்டும். அதாவது அஞ்சில் ஒரு எண்தான் பூஜ்ஜியத்தில் முடியும். எல்லாமே பூஜ்ஜியத்தில் முடிகிறது என்றால் ஒன்று தோராயமாக எழுதியிருக்கிறார்கள், இல்லையென்றால் ஒன்றும் கேட்காமலே எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் டீச்சிங் ஸ்டெத் ஒன்றைக் கடன் வாங்கி வந்தேன். நோயாளி மேல் வைக்கும் வட்டு ஒன்றுதான், ஆனால் இரண்டு பேர் காதில் மாட்டிக்கொள்ளலாம். பிள்ளைக்குக் கேட்பதே எனக்கும் கேட்கும். தியரியில் முதலாவதாக வரும் ஒரு பெண்ணை முதலில் உட்காரவைத்தேன். என் காதில் சத்தம் 136-இல் தொடங்கியது. அவள் 120 என்றாள். "கேட்டுச்சாம்மா?" "கேட்டுச்சு மிஸ்." மறுபடி பார்த்தோம். மறுபடியும் 120. மூன்றாம் தடவை ஸ்டெத்தைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ஒண்ணுமே கேக்கல மிஸ். ஆரம்பத்துலேர்ந்தே கேக்கல." வாங்கிப் பார்த்தேன். காதில் வைக்கும் முனைகள் மூக்கைப் பார்த்தபடி முன்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அவள் மாற்றி, பின்பக்கம் பார்த்தபடி மாட்டிக்கொண்டிருந்தாள். முனை காதுத் துவாரத்தின் சுவரில் முட்டி அடைத்துக்கொண்டால் எதுவும் கேட்காது. திருப்பி மாட்டிவிட்டேன். அடுத்த தடவை 134 என்றாள், குரலே மாறியிருந்தது. நாலு மாதமாக யாரும் அவள் காதைப் பார்க்கவில்லை. அவளுக்கு நாங்கள் போட்ட மார்க் 9.

இதில் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் மார்க் போகும், 120/80 என்று சொன்னால் மார்க் கிடைக்கும் என்று வைத்தது நாங்கள். எங்கள் தேர்வே அவளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நாளைக்கு வார்டில் 180 இருக்கும் ஒரு பெரியவருக்கு அதே பழக்கத்தில் 120 என்று சார்ட்டில் எழுதினால் என்ன ஆகும் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். கற்றல் விளைவு என்ற சொல்லை நான் ஃபைலில் எழுதும் சொல்லாகப் பார்ப்பதை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

சரி, கற்றல் விளைவு என்றால் என்ன? பாடம் முடிந்தபின் பிள்ளையால் என்ன செய்ய முடிகிறது என்பதை, இன்னொருவர் பார்த்து "ஆமாம், முடிகிறது" என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதி வைப்பது. அது நடந்ததா என்று பார்ப்பது மதிப்பீடு. மார்க் என்பது பத்துப் பன்னிரண்டு விஷயங்களைக் கூட்டி ஒரே எண்ணாக ஆக்கியது. கூட்டின உடனே உள்ளே இருந்த சேதி போய்விடுகிறது. 70 வாங்கிய இரண்டு பேரில் ஒருத்திக்கு எழுத்து நன்றாக வந்திருக்கும், பி.பி. கேட்டிருக்காது. இன்னொருத்திக்கு நேர் எதிர்.

நேர் எதிராக ஒருத்தி இருந்தாள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் அம்மாவுக்கு ஒத்தாசை செய்துவிட்டு வகுப்புக்கு வருவாள். முதல் ஒரு மணி நேரம் கண் சொக்கும். முதியோர் இல்லத்துக்கு அழைத்துப்போன நாளில் ஒரு பாட்டி யாருக்கும் கையைக் கொடுக்க மறுத்தார். இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஆயா, கைய கொஞ்சம் லூசா வுடு ஆயா. ஊசி இல்ல, காத்துதான். இறுக்கினா ஜாஸ்தியா காட்டும்." பாட்டி கொடுத்தார். அவள் சொன்ன அளவுக்கும் என் அளவுக்கும் 2 மி.மீ. வித்தியாசம். எழுத்துத் தேர்வில் "சுருங்கு அழுத்தம், விரிவு அழுத்தம் வரையறு" என்ற கேள்விக்கு அவள் ஒன்றும் எழுதாமல் வந்தாள். வகுப்பில் "மேல் எண், கீழ் எண்" என்றும் "சிஸ்டாலிக், டயஸ்டாலிக்" என்றும் சொல்லிக்கொடுத்துவிட்டு, தேர்வில் அவள் ஒருமுறைகூடக் கேட்டிராத பாடப்புத்தகச் சொல்லைப் போட்டால் அந்தக் கேள்வி எதை அளக்கிறது? கையின் வேலையைக் கையின் வேலையாகவே பார்க்க வேண்டும். எழுத்தில் பார்த்தால் எழுத்துத்தான் தெரியும்.

மற்ற கல்லூரிகளைவிட நமக்கு இது ஏன் அவசரம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு அமெரிக்காவில் 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய ஜூனியர் காலேஜிலிருந்து வருகிறது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் 1947 அறிக்கை 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரைப் பரவலாக்கியது. இந்தியாவில் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் முதலில் ஆரம்பித்தது. அடுத்த வருடமே சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் இங்கே ஒன்றைத் தொடங்கியது. படிப்பை நடுவில் விட்டவர்கள், பக்கத்திலேயே இருக்கும் வேலை, குறைந்த காலம், குறைந்த கட்டணம் என்பதுதான் அடிப்படை. பி.ஏ. படிக்கும் பிள்ளைக்கு மூன்று வருடம் இருக்கிறது, விட்டதை எம்.ஏ.வில் பிடித்துக்கொள்ளலாம். நம் பிள்ளை ஒரு வருடத்தில் வார்டில் நிற்கிறது. நாம் சரிபார்க்காமல் விட்டது நேராக ஒரு நோயாளியின் கட்டிலுக்குப் போய்ச் சேர்கிறது.

இன்ஸ்பெக்‌ஷனில் கேட்பவர்கள் எங்கிருந்து கேட்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கம்யூனிட்டி காலேஜ்களுக்கு அங்கீகாரம் தரும் ஆணையம் 2002-இல் கற்றல் விளைவுகளைத் தன் தரவிதிகளில் சேர்த்தது. இங்கே கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டிலும் இதற்கு இடம் உண்டு. 2013 டிசம்பரில் வந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, அதாவது என்.எஸ்.க்யூ.எஃப்., ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து விஷயம் சொன்னது: வேலை நடக்கும் முறை, தொழில் அறிவு, தொழில் திறன், அடிப்படைத் திறன், பொறுப்பு. கடைசியில் வரும் பொறுப்பைத்தான் எல்லோரும் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் உயிர். "எனக்குக் கேட்கவில்லை, இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்று ஒரு பிள்ளை தயங்காமல் சொல்வதைவிடப் பெரிய பொறுப்பு இந்த வேலையில் இல்லை.

இப்போது எழுதும் முறை. "மாணவர் இரத்த அழுத்தத்தைப் பற்றி அறிந்துகொள்வார்" என்று எழுதாதீர்கள். அறிந்துகொண்டதை யார் எப்படிப் பார்ப்பது? நாங்கள் கடைசியில் இப்படி எழுதினோம்: "உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்தபின், பல்பை அழுத்தும் கருவியில் பி.பி. பார்த்து, கூடவே கேட்கும் ஆசிரியரின் அளவுக்கு 4 மி.மீ.க்குள் சொல்வார், சத்தம் கேட்காவிட்டால் அதைச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்ப்பார்." யாருக்கு, எந்தச் சூழ்நிலையில், எதைக் கொண்டு, எந்த அளவுக்கு என்பதெல்லாம் அதற்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு பாடத்துக்கு இப்படி நாலைந்து போதும். இருபது எழுதினால் ஒன்றையும் பார்க்க மாட்டீர்கள்.

விளைவு எழுதுவதற்கென்று ஸ்டாஃப் ரூம் சுவரில் ப்ளூம் என்ற கல்வியாளரின் வகைப்பாட்டை வைத்துப் போட்ட வினைச்சொல் பட்டியல் ஒட்டியிருக்கும், அந்த வகைப்பாடு 1956-இல் வந்து 2001-இல் திருத்தியது. நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல் என்று ஏறும் அந்த ஆறு படி அறிவுக்கானது. நம் பாடத்தில் பாதி கையிலும் மீதியில் பெரும்பகுதி மனப்பாங்கிலும் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல் பொறுக்குவதைவிட, வார்டில் ஒரு நாள் போய் நின்று நம் பழைய மாணவி என்னென்ன செய்கிறாள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். விளைவுகள் அங்கேயே கிடைக்கும்.

அடுத்தது ரூப்ரிக், அதாவது எந்தப் படிக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் அட்டவணை. நாலு படி போதும். ஆனால் 'சுமார், நன்று, மிக நன்று' என்று எழுதினால் அது வெறும் மார்க்தான், வேறு பெயரில். ஒவ்வொரு படியிலும் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். எங்கள் பி.பி. ரூப்ரிக்கில் முதல் படி: கஃப் தவறான இடத்தில், அல்லது கேட்காமல் சொன்ன எண். இரண்டாம் படி: முறை சரி, எண் 4 மி.மீ.க்கு மேல் விலகல், அல்லது கேட்கவில்லை என்று சொல்லி மறுபடி பார்த்தும் வரவில்லை. மூன்றாம் படி: முறையும் சரி, எண்ணும் சரி. நாலாம் படி: இவற்றோடு, நோயாளியிடம் என்ன செய்கிறேன் என்று முன்கூட்டிச் சொல்வது, அளவு அதிகமானால் யாரிடம் உடனே சொல்ல வேண்டும் என்று சொல்வது. இதில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கேட்கவில்லை என்று உண்மை சொன்னவள், எண்ணைக் கற்பனை செய்தவளுக்கு ஒரு படி மேலே நிற்கிறாள். அந்த ஒரு வரியை எழுதத்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது.

ரூப்ரிக்கை எழுதியவரே தனியாக மார்க் போடக் கூடாது. முதல் ஐந்து பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகப் போட்டுவிட்டு, தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தடவை எனக்கும் சக ஆசிரியைக்கும் ஒரு பிள்ளையிடம் இரண்டு படி வித்தியாசம் வந்தது. அவர் 4 போட்டிருந்தார், நான் 2. கேட்டால், "எவ்ளோ சிரிச்ச முகமா பேசுறா பாருங்க" என்றார். அப்போதுதான் நாலாம் படியில் நாங்கள் 'நோயாளியிடம் நன்றாகப் பேசுவார்' என்று எழுதி வைத்திருந்தது தெரிந்தது. அந்த வரியை மாற்றினோம். இரண்டு பேருக்கும் வித்தியாசம் வந்தால் சண்டை வேண்டாம், எந்த வரி தெளிவில்லாமல் இருக்கிறது என்று தேடுங்கள்.

எங்கே, எப்போது பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். எங்கள் பிராக்டிகல் அறை தெருப் பக்கம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனால் எனக்கே ஸ்டெத்தில் ஒன்றும் கேட்காது. அந்த அறையில் தேர்வு வைத்துவிட்டு காதைக் குறை சொன்னால் எப்படி? பின்பக்கம் ஸ்டோர் ரூமைக் காலி செய்து அங்கே மாற்றினோம். நாளும் அப்படித்தான். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு நனைந்து வந்து சேர்வார்கள். அன்றைக்கு ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேறு வேறு நாளில் இரண்டு மூன்று தடவை பாருங்கள். பார்த்துவிட்டு சராசரி எடுக்காதீர்கள்! இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஜூலையில் 1, செப்டம்பரில் 2, மார்ச்சில் 4 என்று வந்த பிள்ளைக்குச் சராசரி 2.3. அந்த எண் எந்த மாதத்துப் பிள்ளையையும் காட்டவில்லை. மார்ச்சில் அவளுக்கு வேலை தெரியும். விளைவு என்றால் முடிவில் என்ன முடிகிறது என்பதுதான். தாழ்வான இடத்திலிருந்து தொடங்கியதற்குச் சராசரியில் தண்டனை கொடுக்கக் கூடாது.

தொடங்கிய இடம் என்றதும் நினைவு வருகிறது, சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். பத்தாவதோடு நின்றவர், பன்னிரண்டு முடித்தவர், பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு வந்த அம்மா எல்லோரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். 20 மார்க் தாளில் ஒருத்தி முதலில் 8, கடைசியில் 14. இன்னொருத்தி முதலில் 15, கடைசியில் 17 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மார்க்கைப் பார்த்தால் இரண்டாமவள் உயர்வு. ஆனால் முதலாமவள் ஏற வேண்டிய 12-இல் 6 ஏறியிருக்கிறாள், பாதி. இரண்டாமவள் 5-இல் 2. நம் பாடம் யாருக்கு எவ்வளவு வேலை செய்தது என்பது இந்தக் கணக்கில்தான் தெரியும். இன்னொன்று, ஏற்கெனவே வீட்டோடு நோயாளி பார்க்கும் வேலை செய்தவர்கள் வருவார்கள். அவர்களை முதல் வாரமே சோதித்து, தெரிந்ததை விட்டுவிட்டு மற்றதைக் கற்றுக்கொடுங்கள்.

எழுத்துத் தேர்வை ஒதுக்கச் சொல்லவில்லை, அதையும் கொஞ்சம் நோண்டிப் பாருங்கள். 36 பேர் எழுதினார்கள் என்றால் மொத்த மார்க்கில் மேலே உள்ள 10 பேர் தாளையும் கீழே உள்ள 10 பேர் தாளையும் தனியாக எடுங்கள். மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம் என்று எடுப்பது வழக்கமான கணக்கு, 36 பேரில் அது ஏறத்தாழ 10. ஒரு ஒரு மார்க் கேள்வியை மேலே 9 பேரும் கீழே 3 பேரும் சரியாக எழுதியிருந்தால் கேள்வி பிரித்துக் காட்டுகிறது: 9-இல் 3 போக 6, அதை 10-ஆல் வகுத்தால் 0.6. மேலே 4, கீழே 5 என்றால் மைனஸ் 0.1. தெரிந்தவர் தவறவிட்டு, தெரியாதவர் குருட்டாம்போக்கில் அடித்திருக்கிறார். கேள்வியில்தான் கோளாறு. "கீழ்க்கண்டவற்றுள் எது கை கழுவத் தேவையில்லாத சூழல் அல்ல?" என்பது மாதிரிக் கேள்விகள் இதில் மாட்டும். நிதானமாகப் படிக்கிற பிள்ளைதான் அதில் குழம்பும்.

ரிசல்ட் நன்றாக வருகிறது என்றீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பேர் சேர்ந்து, 29 பேர் தேர்வு எழுதி, 29 பேரும் தேறினால் நோட்டீஸ் போர்டில் 100 சதவீதம். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 72.5. அந்த 11 பேர் ஏன் நின்றார்கள்? கல்யாணம், வேலை, வீடு மாற்றியது என்று சில காரணம் நம் கையில் இல்லை. ஆனால் முதல் மாதமே ஆங்கிலத்தில் மருந்துப் பெயரைப் போர்டில் நிரப்பியதால் பயந்து நின்றவர் இருந்தால் அது நம் மதிப்பீட்டில் வர வேண்டிய விஷயம். நின்றவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். நான் போட்டபோது ஒருத்தி சொன்னது இன்றைக்கும் வலிக்கிறது: "எனக்கு வராதுன்னு நெனச்சிட்டேன் மிஸ்." அவளுக்கு எது வரவில்லை என்று நாங்கள் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை.

இன்டர்ன்ஷிப் போகும் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பேச்சை அட்டெண்டன்ஸ் ஷீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு தனியார் மருத்துவமனையின் வார்டு சிஸ்டர் எங்களிடம், "உங்க பிள்ளைங்க வேலை சுத்தம். ஆனா டியூட்டி மாத்தும்போது பேஷன்டைப் பத்திச் சொல்லத் தெரியல, கதை மாதிரி சொல்றாங்க" என்றார். எங்களில் சிலர் உடனே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைக்கலாம் என்றார்கள். நான் மூன்று நாள் வார்டில் நின்று கேட்டேன். பிள்ளைகள் பேசுவதில் குறையே இல்லை, தமிழில் நன்றாகத்தான் பேசுகிறார்கள். எதை முதலில் சொல்வது என்ற வரிசைதான் இல்லை. யார், இப்போது என்ன நிலை, என் டியூட்டியில் என்ன நடந்தது, நீங்கள் என்ன பார்க்க வேண்டும் என்ற நாலு விஷயத்தை ஒரு நிமிடத்துக்குள் வரிசையாகச் சொல்வது என்று ஒரு விளைவு எழுதினோம். தினமும் வகுப்பு முடியும்போது இரண்டு பேர் எழுந்து சொல்ல வேண்டும். 'தகவல்தொடர்புத் திறன் வளரும்' என்று எழுதி வைத்திருந்தால் ஸ்போக்கன் இங்கிலீஷ்தான் நடந்திருக்கும், வார்டில் கதை தொடர்ந்திருக்கும்.

பிள்ளைகளின் ஃபீட்பேக் படிவம் இருக்கட்டும், ஆனால் அது மறைமுகச் சாட்சிதான். 'ஆசிரியர் நன்றாக நடத்தினார், 5/5' என்பதிலிருந்து உங்கள் மேல் பாசம் இருக்கிறது என்று தெரியும். அதில் ஒரு கேள்வியை மட்டும் சேருங்கள்: "எந்த வேலையைத் தனியாகச் செய்ய உங்களுக்கு இன்னும் பயமாக இருக்கிறது?" எங்களுக்கு வந்த பதில்களில் பாதி, படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைப்பது. நாங்கள் அதை ஒரே வகுப்பில், அதுவும் பொம்மையில், முடித்திருந்தோம்.

சி.ஓ., பி.ஓ. மேப்பிங் பற்றியும் கேட்பார்கள். பாடத்தின் விளைவுகளை (சி.ஓ.) ஒரு பக்கமும் மொத்தப் படிப்பின் விளைவுகளை (பி.ஓ.) ஒரு பக்கமும் போட்டு, தொடர்பு எவ்வளவு வலுவானது என்று 3, 2, 1 எழுதும் அட்டவணை. இத்தனை சதவீதம் பேர் குறித்த அளவைத் தாண்டினால் இந்த நிலை என்று கல்லூரியே எல்லை வைத்துக்கொள்ளும். ஒரு மத்தியானத்தில் முடியும் வேலை. செய்துவிடுங்கள், ஆனால் அந்தப் பெட்டிகளை நிரப்பியதும் மதிப்பீடு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ரூப்ரிக்கிலிருந்து வரும் எண்ணை அதற்குள் போட்டால் அட்டவணைக்கு அர்த்தம் இருக்கும். மொத்த மார்க்கைப் போட்டால் பழைய 9/10 அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வருடத்துக்கு உங்களால் முடிந்ததைச் சொல்கிறேன். எல்லாப் பாடத்திலும் இறங்காதீர்கள். ஒரு பாடம், அதில் இரண்டு விளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மேலே விளைவு, அடுத்து எந்த வேலையைக் கொடுத்துப் பார்த்தீர்கள், பிறகு எந்தப் படியில் எத்தனை பேர், கடைசியில் அதைப் பார்த்து என்ன மாற்றினீர்கள். அந்தக் கடைசி வரி காலியாக இருந்தால் மேலே உள்ள மூன்றும் வீண். அடுத்த பேட்ச் முடிந்ததும் அதே தாளில் அதே வேலையின் கணக்கைப் பக்கத்தில் எழுதுங்கள். ஃபைலில் இருபது பக்கத்தைவிட இந்த இரண்டு தாள் அதிகம் பேசும்.

நாங்கள் எழுதிய கடைசி வரியையும் சொல்லிவிடுகிறேன். பி.பி.யை இரண்டாம் மாதத்தில் இரண்டு வகுப்பில் முடிப்பதை விட்டுவிட்டு, தினமும் வகுப்பு தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பக்கத்தில் இருப்பவருக்குப் பார்க்க வைத்தோம். முதல் நாளே எல்லோர் காதையும் நானே பார்த்தேன். ரெக்கார்டு நோட்டில், கேட்காவிட்டால் எண்ணுக்குப் பதில் 'கே' என்று எழுதலாம், அதற்கு மார்க் குறையாது என்றோம். முதல் மாதம் பக்கமெல்லாம் 'கே'. பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, சக ஆசிரியர்கள்கூட "இதை இன்ஸ்பெக்‌ஷன்ல காட்ட முடியுமா?" என்று கேட்டார்கள். மூன்றாம் மாதத்தில் 'கே' குறைந்து 118/76, 126/82, 134/88 என்று எழுத ஆரம்பித்தார்கள். உங்கள் நோட்டிலும் முதலில் அப்படித்தான் வரும். கிழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்லாதீர்கள். வருபவர்கள் கேட்டால் முதல் மாதப் பக்கத்தையும் மூன்றாம் மாதப் பக்கத்தையும் அருகருகே திறந்து வையுங்கள்.